கொள்ளைநோயும் தற்கொலை வீதமும்

கொள்ளைநோய் பரவுங் காலத்துத் தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்வார் தொகையும் உடன் பெருகும் என்பது பலர் கருத்து. அஃது எவ்விடத்தும் உண்மையாமோ என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வீதம் இன்னதென அறிதல் வேண்டும். ஓராண்டில் ஓரிலட்சம் மக்களுள் எத்துணையர் தற்கொலையால் இறந்தனர் என்னுங் கணக்கே தற்கொலை வீதமாம். மக்கள் மிக்க நாட்டில் இறப்பும் மிகுமாதலின், வெறுந்தொகை கொண்டு நாடுகளை ஒப்பிடுதல் பிழையாகும்.

2020-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோயென அறிவித்தது. அதன்பின் வந்த முதற்சில மாதங்களைக் குறித்து, பெரும்பாலும் செல்வம் மிக்க 21 நாடுகளின் கணக்கை ஆராய்ந்த அறிஞர், தற்கொலை பொதுவாக மிகுந்திலது என 2021-ல் வெளியிட்டனர். பொது இடுக்கண் மக்களை நெருங்கி நிற்கச் செய்யும் என்பர் சிலர். போர்க்காலத்தில் தற்கொலை குறைதலைத் துர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1897-லேயே எடுத்துக் காட்டினார். ஆயினும் அந்நெருக்கம் நெடிது நிற்பதன்று. ஜப்பானில் முதலிற் குறைந்த தொகை 2020 ஜூலைக்குப் பின் ஏறிற்று. பெண்டிரிடத்து அவ்வேற்றம் மிக்கிருந்தது.

இனி நம் நாட்டை நோக்குவாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, தற்கொலையால் இறந்தோர் 2018-ல் 1,34,516, 2019-ல் 1,39,123, 2020-ல் 1,53,052, 2021-ல் 1,64,033. வீதம் 2019-ல் 10.4, 2021-ல் 12.0. தமிழ்நாட்டில் 2019-ல் 13,493 ஆயிருந்த தொகை 2021-ல் 18,925 ஆயிற்று. ஏற்றம் நோய்க்கு முன்னரே தொடங்கியதாதலின் பழி முழுவதையும் நோயின்மேற் சுமத்தலாகாது. ஆயின் நாடு முழுதும் இறந்த தினக்கூலிகள் 2019-ல் 32,563 பேராயிருக்க, 2021-ல் 42,004 பேராயினர் என்பது கருதத்தக்கது.

இதன் பொருளை விளக்கக் காவிரிக்கரையில் ஈரோட்டிற்கு எதிரேயுள்ள பள்ளிபாளையத்தை நோக்குவாம். அவ்வூர் விசைத்தறியால் வாழ்வது. தறித் தொழிலாளர் பலர் உரிமையாளரிடம் முன்பணம் பெற்று, உழைத்துக் கழிப்பவர். குழுக்கடன் பெற்ற மகளிரும் பலர். 2020 மார்ச்சு 25-ல் நாடு அடைக்கப்பட்டபோது தறி நின்றது, கூலி நின்றது, கடன் நின்றிலது. கிருமி புகாத வீட்டிலும் இம்முடை புகுந்தது. தற்கொலைக்கு ஒரே காரணங் கூறல் அறிவுடைமையன்று. நோய், கடன், தனிமை, குடி, குடும்பப்பிணக்கு முதலியன பலவும் கூடியே ஒருவரை அழுத்துகின்றன. அழுத்துவன பலவாதலின் காக்கும் வழிகளும் பலவாம் என்பதே நாம் பெறும் பாடம்.

2022-ல் நோய் தணிந்த பின்னரும் தொகை 1,70,924 ஆயிற்று. ஆகலின் நோய் போயிற்றென்று வாளா இருத்தல் தகாது. தற்கொலைக்கு முயன்றாரைக் குற்றவாளியாக நோக்காது, கடுந்துயருற்றாராகக் கொண்டு பேணல் அரசின் கடமையென 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் விதித்துளது. 104, 14416 என்னும் தொலைபேசி எண்களில் இரவும் பகலும் உதவி கிட்டும்.

அன்பர்காள்! விடுதியறையிலோ தறிக்கூடத்திலோ ஒருவர் பேச்சொழிந்து வாடியிருப்பின், அவர்பாற் சென்று வினவுமின். அறிவுரை கூற விரையாது செவிகொடுமின். அச்சிறு செயல் ஓருயிரைக் காத்தலுங் கூடும்.