வீட்டின் வயிறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'நடமாடும் வீடுகள்' என ஒருவகை வீடுகள் உள்ளன. அவை மனையில் அடிக்கல் நாட்டிக் கட்டப்படுவன அல்ல; தொழிற்சாலையிலேயே கட்டி முடிக்கப்பட்டு, எஃகுச் சட்டத்தின்மேல் அமர்ந்து, சக்கரங்களின் உதவியால் நெடுஞ்சாலை வழியே இழுத்துச் செல்லப்படுவன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போர்த்தளவாடத் தொழிற்சாலைகளை நாடி வந்து குவிந்த தொழிலாளர் பலர்க்கு இத்தகைய வண்டி வீடுகளே புகலிடமாயின. அக்காலத்தில் அவற்றின் அகலம் 8 அடி. 1950களின் நடுவில் 10 அடி அகல வீடுகள் வந்தன. வீடு வளர வளர, வண்டி என்னும் தன்மை தேய்ந்தது. இன்று இவற்றுட் பெரும்பாலானவை ஒருமுறை வந்து நின்ற இடத்தைவிட்டு மீண்டும் பெயர்வதே இல்லை. எனினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 2 கோடி மக்கள் இவற்றில் வாழ்கின்றனர். அவருட் பெரும்பாலோர் சிறு வருவாயினர்.

வந்து நின்ற வீட்டைச் சிமெண்டுக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் நிறுத்துவர். ஆதலின் தரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து செல்லும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். மான்டானா, வடக்கு டகோட்டா, மின்னசோட்டா போன்ற வடமாநிலங்களில் குளிர்கால இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் அப்பால் இறங்கும். நிலத்தில் ஊன்றிய வீட்டுக்குக் கூரையும் சுவரும் மட்டுமே குளிர்காற்றின் முன் நிற்பன. நடமாடும் வீட்டுக்கோ தளமும் காற்றின்மேல் நிற்கிறது. அத்தளம் எங்ஙனம் காக்கப்படுகிறது என்பது அறியத்தக்கது.

தளப்பலகையின் அடியில் மரச்சட்டங்கள் வரிசையாகச் செல்கின்றன. அடுப்பறை, குளியலறை ஆகியவற்றுக்குரிய நீர்க்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. வெப்பமூட்டும் உலை அனுப்பும் சூடான காற்றை அறைதோறும் கொண்டு செல்லும் தகட்டுக் குழாயும் அங்கேயே உள்ளது. இவற்றின்கீழ்க் கண்ணாடி நாராலான மெத்தையும், அதன்கீழே எல்லாவற்றையும் ஏந்தி நிற்கும் ஓர் உறையும் அமைந்துள்ளன. பழைய வீடுகளில் இவ்வுறை நிலக்கீல் தோய்ந்த அட்டை; புதியவற்றில் நெய்த பாலிதீன் விரிப்பு. குடலையும் நரம்பையும் தோல் போர்த்தியிருப்பது போன்ற இவ்வமைப்பினை அந்நாட்டுத் தொழிலாளர் வீட்டின் 'வயிறு' என்றே வழங்குவர். பொருத்தமான பெயரே.

கண்ணாடி நார் வெப்பத்தைத் தடுப்பது எவ்வாறு? கண்ணாடி ஓர் அரிதிற் கடத்தி என்று மட்டும் விடை கூறின், அது பாதி விடையே ஆகும். நார்களின் இடையே எண்ணற்ற சிறு வெற்றிடங்கள் உள்ளன. அவற்றில் காற்று அசைவின்றிச் சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்றே சிறந்த அரிதிற் கடத்தி. நார் அக்காற்றைக் கட்டிவைக்கும் கயிறு. அடியிலுள்ள உறை கிழிந்துவிட்டாலோ, குளிர்காற்று நார்களினூடே புகுந்து, சூடேறிய காற்றை அள்ளிக்கொண்டு வெளியேறும். மெத்தை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பயன் போய்விடும். கண்ணுக்கு நார் தெரிவதால் வீட்டுக்காரர் காப்பு இருக்கிறதென்று நம்பியிருப்பர்.

உறை கிழிவதற்குக் காரணங்கள் பல. நெடுஞ்சாலைப் பயணத்தில் கிழிவதுண்டு. எலிகள் கடித்துப் புகுந்து நாரிற் கூடு கட்டுவதுண்டு. ஒழுகும் குழாயிலிருந்து வடிந்த நீர் உறையிலே தேங்கி, தொந்திபோலத் தொங்கவைத்து, இறுதியில் அறுத்துக்கொண்டு விழுவதுமுண்டு. ஆயினும் மிகுதியாகக் காணப்படும் காரணம், பழுது பார்க்க வந்தவர் செய்யும் வேலையே. அவர் குழாயைத் தேடி உறையைக் கத்தியாற் கிழிக்கிறார். ஈரமான நாரை இழுத்தெறிகிறார். குழாயைச் செவ்வனே சீர்செய்கிறார். திறந்த வயிற்றை மூடாமலே போய்விடுகிறார். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகும். அடுத்த குளிர்காலத்தில், சீர்செய்த அதே குழாயில் நீர் உறைந்து, அது மீண்டும் வெடிக்கிறது.

வயிற்றைச் சீர்செய்யும் பணியில் வரிசைமுறை மிக இன்றியமையாதது. முதலில் நீர் ஒழுகும் இடங்களை அடைக்கவேண்டும். ஈரத்தின்மேல் நாரைத் திணித்தால் மரம் உளுத்துப்போகும். அடுத்து, காற்றுக் குழாயின் பொருத்துகளை அடைக்கவேண்டும். இதற்குப் பசைபோன்ற சாந்தினைப் பூசுவதே நன்று. ஆங்கிலத்தில் காற்றுக் குழாயின் பெயரையே தாங்கி விற்பனையாகும் துணி ஒட்டுநாடா ஒன்று உண்டு. 1998-இல் கலிபோர்னியா மாநிலத்து லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வகத்தார் பலவகை அடைப்புப் பொருள்களையும் வெப்பத்திலும் குளிரிலும் வைத்துச் சோதித்தபோது, காற்றுக் குழாய்க்கு ஒவ்வாதது அந்நாடாவே என்று கண்டனர்!

இங்கே ஓர் இடர் மறைந்துள்ளது. பொருத்துகளில் ஒழுகிய சூடான காற்று வீணாயிற்று என்பது மெய்யே. ஆனால் அவ்வொழுக்கே அருகிலுள்ள நீர்க்குழாயை உறையாமற் காத்துவந்தது. ஒழுக்கை அடைத்துவிட்டு உறையைக் கிழிந்தபடியே விட்டால், இத்தனை ஆண்டும் உறையாத குழாய் அவ்வாண்டே உறையும். அதுபோலவே, நாரைத் தளப்பலகையோடு ஒட்டித் திணித்துக் குழாய்களை அதன்கீழே தொங்கவிடுவதும் பெருந்தவறு. அப்போது தளம் வெதுவெதுப்பாகும். குழாய் குளிரிலே நிற்கும். காப்பு எப்போதும் குழாய்க்குக் கீழே இருத்தல் வேண்டும். குழாய் வீட்டின் பக்கத்தைச் சேர்ந்ததாக வேண்டும்.

பின்னர் கிழிசல்களுக்கு ஒட்டுப் போடுகின்றனர். கிழிசலைவிடப் பெரியதாக விரிப்பை வெட்டி, விளிம்பெங்கும் பசை தடவி ஒட்டி, கம்பி ஊசிகளால் தைத்து இறுக்குவர். மரச்சட்டம் கிடைக்குமிடத்தில் மெல்லிய பட்டியலை வைத்து ஆணியும் அறைவர். உறை உறுதியானபின், சிறு துளை வழியே நீண்ட குழலைச் செலுத்தி, உதிரியான கண்ணாடி நாரைக் காற்றின் விசையால் உள்ளே ஊதி நிரப்புவர். காகிதத் தூளாலான காப்புப் பொருள் மலிவாயினும் இங்கே விரும்பப்படுவதில்லை. அது நீரை உறிஞ்சிப் பாரமாகி உறையைக் கீழே இழுத்துவிடும்.

இவ்வேலை எளிதன்று. தொழிலாளர் முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, ஈரமண்ணில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கையை நீட்டி ஒட்டுப் போடவேண்டும். மேலிருந்து எலியின் கூடும் எச்சமும் முகத்தில் உதிரும். பழைய மின்கம்பிகளைத் தொடாதபடி விழிப்பும் வேண்டும். நீர்க்குழாயைச் சூடாக்கச் சுற்றிய மின்நாடா பழுதுற்றிருப்பின் தீப்பிடிக்கும்; ஆதலின் அதனைச் சோதிக்காமல் நாரால் மூடுதல் கூடாது.

வயிற்றின் வேலை முடிந்தபின் நிலத்தையும் கவனிக்கின்றனர். மண்ணிலிருந்து இடைவிடாது எழும் ஈரத்தைத் தடுக்கத் தடித்த பாலிதீன் விரிப்பைத் தரையெங்கும் பரப்புவர். வீட்டைச் சுற்றித் தரைவரை தகட்டாலோ பலகையாலோ மறைப்பு அமைப்பதும் வழக்கம். ஆங்கிலத்தில் இதற்குப் பாவாடை என்னும் பொருள் தரும் பெயர் வழங்குகிறது. இம்மறைப்பு காற்றின் வேகத்தைத் தணிக்கும், விலங்குகளைத் தடுக்கும். ஆயின் அது வயிற்றின் காப்புக்கு ஈடாகாது. துணி உலர்த்தும் பொறியின் புகைபோக்கி இம்மறைப்பின் உள்ளே திறந்திருந்தால், வாளிக்கணக்கான நீர் ஆவியாக அங்கேயே தங்கி மரத்தை அழுகச் செய்யும். அதனை மறைப்புக்கு வெளியே நீட்டிவிடுதல் வேண்டும்.

நடமாடும் வீடுகளுக்கு நாடு தழுவிய கட்டட விதி 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வீடுகளிற் பல மிக மெல்லிய காப்பே உடையவை. அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், வறியோர் வீடுகளைக் குளிருக்கும் வெயிலுக்கும் தாங்குமாறு சீர்செய்து தரும் அரசுத் திட்டம் ஒன்றும் அதே 1976-இல் தோன்றியது. அத்திட்டத்தின் பணியாளர் வாயிலிலே பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எத்தனை காற்று எங்கெங்கே உட்புகுகிறது என்பதை அளக்கின்றனர். பின்னர் வீட்டின்கீழே தவழ்ந்து சென்று வேலையை முடிக்கின்றனர். அதன்பின் விசிறியை மீண்டும் சுழற்றி அளந்து பார்க்கின்றனர். எண் குறையவில்லையெனில், ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீட்டின்கீழே நுழைகிறார்.