கணினி வாங்குமுன்: பெயரா, பயனா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை நடைபெறுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பெயர் பெற்ற தோட்டத்துக் காயேயாயினும், மாதிரியைக் கையில் எடுத்து, பருமனையும் நிறத்தையும் பாராமல் வியாபாரி விலை கூறுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் விவசாயியும் நிலம், நீர், பயிரின் வயது ஆகியவற்றை ஆராய்ந்தே விதை இரகத்தைத் தெரிந்தெடுக்கிறார். இத்துணை விழிப்புடைய நாம், பஞ்சாயத்துக்கோ வீட்டுக்கோ கணினி வாங்கும்பொழுது மட்டும், "சென்ற முறை வாங்கிய கம்பெனியே போதும்" என்று பெயரை நம்பிவிடுகிறோம். இது சரியா என்று ஆராய்வோம்.

எழுத்து தந்த பாடம்

தமிழைக் கணினியில் ஏற்றிய தொடக்க காலத்தில், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்குக் குறியெண் வகுத்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டச்சு செய்த தீர்மானம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. எழுதியவர் நாமே, எனினும் படிப்பதற்கு அந்நிறுவனத்தின் தயவு வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் எழுதியதை இன்று எந்நிறுவனத்தின் கணினியிலும் படிக்கலாம். பொதுத் தரமே நமக்குக் காவல் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய நிலை

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் பொதுவாக நிறுத்தப்பட்டன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காக அவற்றை உடனே கழித்துவிட வேண்டுவதில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் முறைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. கடிதம், கணக்கு முதலிய வேலைகளுக்கு அவை போதுமானவை. எனினும், மின்கையொப்பச் சாதனமும் அச்சுப்பொறியும் அதில் இயங்குகின்றனவா என்று முதலில் சோதித்தல் வேண்டும். ஒரு பெயரைக் கண்மூடி நம்புவது போலவே, மற்றொன்றைக் கண்மூடிப் பற்றுவதும் பிழையே.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. செய்ய வேண்டிய வேலை யாது? முதலில் அதனை எழுதிவைத்து, பிறகே கடைக்குச் செல்க.

2. நினைவகம் எவ்வளவு? பின்னர் கூட்ட இயலுமா? சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையா?

3. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழுது பார்ப்பவர் தேனியிலோ கம்பத்திலோ உள்ளாரா, மதுரைக்குச் சுமந்து செல்ல வேண்டுமா?

4. அச்சுப்பொறியாயின், மை என்ன விலை? ஒரு புட்டியில் எத்தனை பக்கம் அச்சாகும்? பொறி மலிவாயிருந்து மை விலை மிகுதியாயின் நட்டமே.

5. நம் கோப்புகளை நாளை வேறு நிறுவனத்தின் கணினிக்கு மாற்ற இயலுமா?

விலைப்புள்ளி கோரும்பொழுது நிறுவனத்தின் பெயரை எழுதாமல், வேண்டிய தன்மைகளையே எழுதுக. கூடியமட்டில் வணிகப் பெயரைக் குறிப்பிடலாகாது என்பதே மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் நெறியும் ஆகும். பலர் போட்டியிட்டால் விலை குறையும், ஐயத்திற்கும் இடமிராது.

கிணற்று மோட்டார் வாங்கும் விவசாயிக்கும் இது பொருந்தும். நீர் ஏற வேண்டிய உயரத்தையும் தேவையான நீரின் அளவையும் கூறி, ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியையும் நோக்கியே வாங்குதல் நன்று.

பஞ்சாயத்தின் பணம் ஊராரின் பணம். பெயருக்காகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தெருவிளக்கிலும் குடிநீரிலும் குறையும் ரூபாயே என்பதை அங்கத்தினர் யாவரும் நினைவிற்கொள்வோமாக.