வயசுப் பையனுக்கு அடிவயிற்று வலியா? இன்னொரு கேள்வியும் கேளுங்கள்



வெள்ளைப்படுதல், மார்பகக் கட்டி, கர்ப்பப்பைப் பிரச்சினை என்று நம் நோய்களைப் பற்றிக் கூட்டத்தில் கூச்சமில்லாமல் பேசப் பழகிவிட்டோம். ஆனால் நம் பையன்களுக்கு விதையில் வலி வந்தால் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பையன் "அடிவயிறு வலிக்குதும்மா" என்று சுருண்டு படுப்பான். நாமும் உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, காலையில் பார்க்கலாம் என்போம். அந்த ஒரு ராத்திரியிலேயே ஒரு விதை செத்துப்போகலாம்.

விதை முறுக்கிக்கொள்வது

விதை ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கு ரத்தம் அந்தக் கொடி வழியாகத்தான் போகிறது. சிலருக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாகப் பிடித்திருக்காது. அது சுற்றிக்கொண்டால் கொடி முறுக்கி, ரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 முதல் 18 வயதில் இது அதிகம். மற்ற வயதிலும் வரும். அடிபடாமலே, தூக்கத்தில்கூட வரும்.

அடையாளங்கள்: ஒரு பக்கம் திடீரென்று கடும் வலி, குமட்டல், வாந்தி, வீக்கம், ஒரு விதை மேலே ஏறி நிற்பது.

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் விதையை எடுக்க வேண்டிவரும். வலி தானாக நின்றுபோனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி முறுக்கலாம்.

வேறு காரணங்கள்

* கிருமித் தொற்று: ஓரிரு நாளில் மெல்ல வலி கூடும். காய்ச்சல், நீர்க்கடுப்பு இருக்கலாம். உடலுறவால் வந்த தொற்று என்றால் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை வேண்டும்.
* பொன்னுக்கு வீங்கி: கன்னம் வீங்கிய சில நாளில் விதையும் வீங்கலாம்.
* குடலிறக்கம்: இருமினால் கவட்டில் புடைக்கும். புடைப்பு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் இருந்தால் அதுவும் அவசரம்தான்.
* ரத்தநாளப் புடைப்பு: பெரும்பாலும் இடது பக்கம். மூட்டை தூக்கினால் கனத்து வலிக்கும், படுத்தால் குறையும்.
* சிறுநீரகக் கல்: விலாவில் தொடங்கி விதை வரை வலி இறங்கும்.

வலியே இல்லாத கட்டி என்றாலும் காட்ட வேண்டும். அது புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்.

சிலருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாது. அதற்காக "வாலிப வயதில் செய்த தவறு" என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களிடம் போக வேண்டாம். கைப்பழக்கத்தால் இந்த நோய்கள் வருவதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

1. வயிற்று வலி என்றால், "கீழேயும் வலிக்குதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். உங்களிடம் கூச்சப்பட்டால் அப்பாவையோ மாமாவையோ கேட்கச் சொல்லுங்கள்.
2. திடீர் வலி என்றால் விடியக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.
3. எண்ணெய் போட்டு நீவுவது, ஒத்தடம், சுளுக்கெடுப்பது வேண்டாம். சாப்பிடக் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்.
4. நேரமாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். ஒரு விதை போனாலும் மற்றது நன்றாக இருந்தால் பொதுவாகக் குழந்தை பிறக்கும்.

குழுவில் பேசுவோம்

* இப்படி ஒரு வலி வந்தால் நம் வீட்டுப் பையன் யாரிடம் சொல்வான்?
* ராத்திரியிலும் ஆபரேஷன் நடக்கும் அரசு மருத்துவமனை நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?
* நடுராத்திரியில் அவசரக் கடன் தேவைப்பட்டால் நம் குழுவில் யாரை எழுப்புவது?