எத்தனை சதவீதம் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

உன் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண், அமெரிக்கச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1560, வட்டாரக் கணித ஒலிம்பியாட்டில் தேறியது, சனிக்கிழமைகளில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ எடுக்கும் கணக்கு வகுப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் கிடைக்க எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு, பெரியம்மா?

அதை எண்ணாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. சொல்கிறேன் என்று வருபவர் உன் அப்பாவின் காசோலையைப் பார்த்து வருகிறார். ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது ரகசியமும் இல்லை. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கை வழங்கக் கூடாது என்று தீர்ப்பு வந்ததைச் செய்தித்தாளில் நீயும் படித்திருப்பாய். உனக்குப் பயன்படுவது தீர்ப்பைவிட, விசாரணையில் வெளியே வந்த கணக்கு. 2015-இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 3,400 பேருக்கு மேல் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். பள்ளி மதிப்பெண் சராசரியில் ஒரு புள்ளிகூடக் குறையாதவர்கள் 8,000 பேருக்கு மேல். முதலாண்டு வகுப்பில் இருந்த இடங்களோ 1,600 சொச்சம். அதன்பின் கூட்டம் பெருகியிருக்கிறது. 2024-இல் ஹார்வர்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 54,008. இடம் தரப்பட்டது 1,937 பேருக்கு.

ஆகவே உன் 1560 அங்கே ஒரு வேலையைச் செய்யும். உன் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாமல் உட்கார்ந்து படிக்க வைக்கும். அதோடு அதன் பணி முடிந்தது. 1590 ஆக்க மறுபடியும் எழுதலாமா என்று நினைத்தால், வேண்டாம். அந்த முப்பது புள்ளிக்குப் போகும் மாதங்களில் உருப்படியாக வேறு செய்யலாம்.

இது நம் பிள்ளைகளுக்குப் புரியக் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்று பார். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப். தரவரிசைப் பட்டியல் வெளியாகும். உனக்கு முன்னால் இருப்பவர் எத்தனை பேர், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் போன வருடம் எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது, எல்லாம் தெரியும். இருவருக்குக் கட்-ஆஃப் ஒன்றாகி, பாட மதிப்பெண்களும் பிறந்த தேதியும்கூட ஒன்றாக இருந்தால், கணினி கொடுத்த ரேண்டம் எண் முடிவு செய்யும். இந்த முறைக்கு ஆயிரம் குறை சொல்லலாம். மூன்று பாடத்தை வைத்து ஒரு பிள்ளையை அளப்பது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு அது பதில் சொல்லும். அதிர்ஷ்டம் நுழையும் இடத்தில், இது அதிர்ஷ்டம்தான் என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும்.

நீ இப்போது போக நினைக்கும் இடத்தில் அந்தப் பதில் வராது. அங்கே மாணவரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி மேலிருந்து எண்ணுவதில்லை. ஒரு வகுப்பைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். படகுக் குழுவுக்கு ஆள் வேண்டும், இசைக் குழுவுக்கு வேண்டும், ஆட்கள் அதிகம் விண்ணப்பிக்காத மாநிலங்களிலிருந்து சிலர் வேண்டும், லத்தீன் படிக்க வருபவர் இரண்டு பேராவது வேண்டும். ஹார்வர்டில் இதற்கு மேலும் சில வரிசைகள் உண்டு. விளையாட்டுக்காக அழைக்கப்படுபவர், அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்பு உள்ளவர், ஆசிரியர் ஊழியரின் பிள்ளைகள். அந்த வழக்கின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இடம் கிடைத்த வெள்ளை இன மாணவரில் 43 சதவீதத்துக்கும் மேல் இந்த நான்கு வகைக்குள் வருவதாகக் கண்டார்கள். எம்.ஐ.டி.யில் பெற்றோர் படித்தார்கள் என்பதற்காகச் சலுகை கிடையாது. எஸ்.ஏ.டி. தேர்வையும் பலருக்கு முன்பே, 2022-இலேயே, மீண்டும் கட்டாயமாக்கினார்கள். உன்னைப் போன்ற பிள்ளைக்கு அது கொஞ்சம் நியாயமான வாசல் என்பது என் கருத்து.

ஆனால் அங்கே உனக்கு வேறொரு கதவு. வெளிநாட்டு மாணவர் என்பதால் உன்னைத் தனி வரிசையில் வைப்பார்கள். எம்.ஐ.டி.யின் மொத்தச் சேர்க்கை நூற்றுக்கு நாலரை அளவில் இருக்கும்போது, வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு அது நூற்றுக்கு இரண்டு. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஓர் ஆண்டில் நூற்றுச் சொச்சம் பேர். அந்த இரண்டையும் உன் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. உன் தகுதிக்கு அது சற்றுக் கூடலாம். எவ்வளவு கூடும் என்பதுதான் யாராலும் சொல்ல முடியாதது. கிடைக்காமல் போவதே பெரிதும் நடக்கக்கூடியது என்று தெரிந்துகொண்டு விண்ணப்பம் போடு. கிடைக்காமல் போனால் அதிலிருந்து உன்னைப் பற்றி எதையும் படித்துக்கொள்ளாதே. இதை உன்னிடம் இப்போதே சொல்ல ஆசைப்படுகிறேன். மார்ச் மாதத்தில் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும், உண்மையாகக் கேட்காது.

பணத்தைப் பற்றி உன் மின்னஞ்சலில் ஒரு சொல் இல்லை. அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று விட்டிருப்பாய். ஆனால் மதிப்பெண்ணைவிட அதுதான் உன் பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகங்களில் தங்கிப் படிக்க ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 70 லட்சம். நான்கு ஆண்டுக்கு உங்கள் வீட்டை விற்றாலும் வராது. நல்ல செய்தி என்னவென்றால் ஹார்வர்டு, எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறார் என்பதைச் சேர்க்கையின்போது பார்ப்பதே இல்லை. இடம் கொடுத்துவிட்டால், குடும்பத்தால் முடியாத தொகையை அவர்களே ஏற்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு அப்படி இல்லை. வெளிநாட்டவர் உதவி கேட்பதும் அங்கே எடை போடப்படும். அதற்குப் பயந்து, உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டுச் சேர்ந்தபின் கேட்கலாம் என்று எவராவது யோசனை சொன்னால் கேட்காதே. விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு நான்கு ஆண்டும் கிடைக்காது என்பது அங்குள்ள விதி. உதவி கேட்பதைப் பார்க்காத அந்த முதல் வகையில் நாலைந்து இடம் போதும். பத்தொன்பது இடத்துக்குப் போடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு அப்படியே கரைந்துவிடுகிறது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன், உன் கையில் இருப்பது இதுதான்.

அப்பா விசாரித்து வைத்திருக்கும் சேர்க்கை ஆலோசனை நிறுவனம் வேண்டாம் என்று அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். எட்டு லட்சம் கேட்டு, உன் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் ஓர் அறக்கட்டளையும் உருவாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பதினாறு வயதுப் பெண் நிறுவிய அறக்கட்டளைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன, பாப்பா. படிப்பவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும். அது பயன்படாது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது பொய். பொய்யோடு உள்ளே போன பிள்ளை நான்கு ஆண்டும் அந்தப் பொய்யின் உயரத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொய் தெரிந்தால் கொடுத்த இடத்தையும் பறிப்பார்கள். 2019-இல் அமெரிக்காவிலேயே பணம் கொடுத்துத் தேர்வையும் விளையாட்டுச் சான்றையும் பொய்யாக்கிய பெற்றோர் பலர் பிடிபட்டு, சிறைக்குப் போனார்கள்.

உன்னிடம் உண்மையான ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பைப் பற்றி மின்னஞ்சலில் ஒரே வரி எழுதி நகர்ந்துவிட்டாய். ஆனால் தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னாயே, பின்னங்களைக் கூட்டும்போது பாதிப் பிள்ளைகள் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்து யோசித்து நீ ஒரு நோட்டில் அவர்கள் தப்புகளை எல்லாம் எழுதி வைத்திருப்பதாக. அந்த நோட்டைப் பற்றி எழுது. ஹார்வர்டு விண்ணப்பத்தில் 650 சொல்தான் கட்டுரைக்கு இடம். ஏழைப் பிள்ளைகளுக்கு நீ செய்த சேவை என்று எழுதாதே. அந்தத் தப்பு உன்னை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டது, அதிலிருந்து உனக்குக் கணிதத்தைப் பற்றியே என்ன தெரிந்தது என்று எழுது. உனக்குத் தமிழில் யோசனை ஓடும். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிப் பார். திருத்த எனக்கு அனுப்பு, ஒற்றுப் பிழைக்கு மேல் நான் கை வைக்க மாட்டேன்.

சிபாரிசுக் கடிதத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிதும் இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எம்.ஐ.டி. இரண்டு கேட்கிறது. ஒன்று கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, மற்றது மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியரிடமிருந்து. நம் ஆசிரியருக்கு அறுபது பேர் உள்ள வகுப்பு, மூட்டை மூட்டையாக விடைத்தாள். நல்லொழுக்கம் உள்ளவள், நேரம் தவறாதவள், வகுப்பில் முதல் மாணவி என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அவர்மீது தவறில்லை. நாற்பது ஆண்டு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் சொல்கிறேன், மாணவர் நினைவூட்டினால் ஆசிரியருக்கு நினைவு வரும். உன் கணித ஆசிரியர் பலகையில் போட்ட நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது என்று நீ சொல்லி, அவர் மறுநாள் வந்து வகுப்பின் முன் ஒத்துக்கொண்டாரே, அந்த நிகழ்ச்சியை அவரே எழுதினால் அது பத்துச் சான்றிதழுக்குச் சமம். அரை மணி நேரம் கேட்டு வாங்கி, என்ன படிக்க விரும்புகிறாய், எங்கே தடுமாறினாய் என்றெல்லாம் பேசு. கடிதத்தை நீயே எழுதித் தருகிறாயா என்று அவர் கேட்டால் பணிவாக மறுத்துவிடு.

இப்போது நீ கேட்காததையும் சொல்கிறேன். சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. உண்மையாகவே கணிதம் வேண்டும் என்பவளுக்கு இந்தியாவில் அதைவிட நல்ல இளநிலைப் படிப்பு மிகச் சில. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. இவற்றை, அமெரிக்காவில் கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்ற பத்தியில் வைக்காதே. முனைவர் படிப்புக்குப் போகும்போது அமெரிக்காவின் கணக்கே மாறிவிடும். கட்டணம் அவர்களே கட்டி, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். இளநிலையில் ஊசிக் காதாக இருக்கும் வழி அங்கே சற்று அகலமாகிறது. கணிதவியலாளர் ஸ்ரீநிவாச வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1959-இல் பட்டம் வாங்கி, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, அதன்பிறகுதான் நியூயார்க் போனார். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு அவருக்கு.

பெயர் பெற்ற இடத்தில் படித்தால் வாழ்க்கை மாறாதா என்று உன் அம்மா கேட்கிறாள். மாறலாம். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இணையான தகுதியோடு இணையான இடங்களுக்கு விண்ணப்பித்தவர்களில் பெரிய பெயரில் படித்தவரும் படிக்காதவரும் பிற்காலத்தில் பெரும்பாலும் ஒரே அளவு சம்பாதித்ததைக் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் உதவியது. 2023-இல் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழுவினர், சராசரி வருமானம் அதிகம் மாறாவிட்டாலும் உச்சி ஒரு சதவீதத்துக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். இரண்டும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியவை. அம்மாவிடம் இதை முழுசாகச் சொல், பாதியை மறைக்காதே. 2025 மே மாதத்தில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஹார்வர்டின் உரிமையையே அந்நாட்டு அரசு பறிக்கப் பார்த்து, நீதிமன்றம் தடுத்ததையும் சொல். எல்லாக் கனவையும் ஒரே நாட்டில் கட்டி வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள், மற்றவற்றுக்கு ஜனவரி முதல் வாரம். அரையாண்டுத் தேர்வும் அதை ஒட்டியே வரும் என்பதால், கட்டுரையின் முதல் வரைவு செப்டம்பருக்குள் முடியட்டும். கணித ஆசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் இந்த வாரமே பார். அப்பாவின் மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் எடுத்து வைக்கச் சொல், உதவித்தொகைப் படிவத்துக்கு வேண்டியிருக்கும். சனிக்கிழமை வகுப்பை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதே. அந்தப் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் முழுஆண்டுத் தேர்வு.

அன்புடன்,
பெரியம்மா