திரைக்குப் பின் நிற்கும் துணைவர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் மழையே உழவரின் வாழ்வாகும். மலையில் பொழியும் நீரைப் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் தேக்குகின்றன. திங்கள்தோறும் பெய்த மழையை எண்களாக எழுதிவைத்தால் ஏற்றத்தாழ்வு எளிதில் புலப்படாது. அவ்வெண்களைப் புள்ளிகளாக வரைந்தாலோ, ஐப்பசி, கார்த்திகையின் மிகுதி ஒரு நோக்கிலேயே விளங்கும். இன்று அவ்வரைபடத்தைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் தருகின்றது.

இப்பணிக்கு உதவும் நிரல்மொழிகளுள் ஒன்று ‘ஆர்’ என்பது. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் அதனைத் தோற்றுவித்தனர். அம்மொழியில் இயங்கும் ‘லாட்டிஸ்’ என்னும் வரைபடத் தொகுப்பை ஆக்கியவர் தீபாயன் சர்க்கார் என்னும் இந்தியப் புள்ளியியலறிஞர். அதனை விளக்கும் அவருடைய நூல் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது.

குறித்த ஒரு வேலையைச் செய்து முடிக்கும் கட்டளைத் தொகுதியைச் ‘செயற்கூறு’ என்பர். புள்ளி வரைபடம் வேண்டுவோர் லாட்டிஸில் ‘எக்ஸ்ஒய்பிளாட்’ என்னும் ஒரு செயற்கூற்றையே அழைக்கின்றனர். ஆயினும் அது தனித்து நின்று படத்தை முடிப்பதில்லை. அதன் பின்னே துணைச் செயற்கூறுகள் பல உழைக்கின்றன.

மழையளவு 0 முதல் 200 மில்லிமீட்டர் வரை உள்ளதாகக் கொள்க. துணைச் செயற்கூறு ஒன்று, இவ்வீச்சில் நூற்றுக்கு 7 பங்காகிய 14ஐ இருபுறமும் கூட்டி, படத்தின் எல்லையை −14 முதல் 214 வரை விரிக்கும். அவ்வாறு விரிக்காவிடின், மிகுந்த மழையைக் காட்டும் புள்ளி சட்டத்தின் விளிம்பில் ஒட்டி நிற்கும். மற்றொன்று 0, 50, 100, 150, 200 எனப் படிப்பதற்கு எளிய அளவுக்குறிகளைத் தேர்ந்தெடுக்கும். இத்துணைவர்கள் ஒருவகைப் படத்திற்கு மட்டும் உரியவரல்லர். பலவகைப் படங்களுக்கும் பொதுவானவர். ஆதலின் ஓரிடத்தில் பிழை திருத்தினால் அத்தனை படங்களும் திருந்தும்.

வெளியார் அழைக்கத்தக்க செயற்கூறுகளின் பெயர்களைத் தொகுப்பின் ஆசிரியர் பட்டியலிட்டு வெளியிடுகின்றார். அப்பட்டியல் ஒருவகை வாக்குறுதி. அதில் இடம்பெறாத உட்செயற்கூறுகளுக்கு அவ்வாக்குறுதி இல்லை. முக்காற்புள்ளியை மும்முறை இட்டு அவற்றையும் அழைக்க இயலும். எனினும், ஆசிரியர் அவற்றை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். அவற்றை நம்பி எழுதிய நிரல், புதிய பதிப்பு வந்த அன்றே நின்றுவிடக்கூடும். அணை நீரை எதிர்நோக்கி மழைக்கணக்கு வரையவேண்டிய நாளில் அவ்வாறு நிற்குமாயின், அதனை எழுதியவரன்றிப் பிறரைக் குறைகூற வழியில்லை.

பெயர் வெளிப்படாமல் உழைப்போரின் அருமையை உணர்தல் வேண்டும். அவர்க்குரிய எல்லையை மதித்தலும் வேண்டும்.