நெட் எதுவரை வருகிறது?

மயிலாப்பூர்

அன்புள்ள அம்மு,

நெட் வரவில்லை, லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதில் கை வைக்காதே. உன் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் அது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் என்ற அரசு நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கியது அது. தெருக்குழாயில் தண்ணீர் நின்றதற்கு யாராவது வீட்டுக் குழாயைப் பிடுங்கி எறிவார்களா?

'நெட் வரலை' என்று சொன்னால் போதாது. எதுவரை வருகிறது என்று பார். உங்கள் வடபழனித் தெருவில் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம், மாடிக்கு மாடி தாவித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து மோடம் பெட்டி, லேன் கேபிள், லேப்டாப். இதில் ஏதோ ஓரிடத்தில்தான் அறுந்திருக்கும்.

முதலில் பெட்டியில் விளக்குகளைப் பார். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. வெளியே யாரோ பள்ளம் தோண்டியிருக்கலாம், மொட்டைமாடியில் எலி கடித்திருக்கலாம். உன்னால் ஆவதில்லை, கம்பெனிக்குப் போன் செய். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, அதே பெட்டியின் வைஃபையில் அம்மா போனில் வீடியோவும் ஓடினால், கோளாறு பெட்டிக்கு இந்தப் பக்கம்தான்.

லேப்டாப்பில் கேபிள் செருகும் ஓட்டைக்கு அருகே குட்டி விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பார். எரியாவிட்டால் 'டிக்' சத்தம் கேட்கும்வரை கேபிளை அழுத்து. முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. பெட்டியில் வேறு லேன் ஓட்டைக்கு மாற்று, பக்கத்து வீட்டில் கேபிள் வாங்கியும் பார். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1000 வேண்டுமானால் நான்கும் வேண்டும். அதனால் கதவிடுக்கில் நசுங்கிய கேபிள் சில சமயம் முழுசாகச் சாகாமல் வேகம் குறைந்து உயிரோடு கிடக்கும். நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீடு அவ்வளவு பெரிசில்லை!

இனி கட்டளை தட்டும் டெர்மினல். அதற்கு முன் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடு. இல்லாவிட்டால் பரிசோதனை அந்த வழியாகப் போய்விட்டு, கேபிள் சரி என்று பொய் சொல்லும். 'ஐபி லிங்க்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டு. நெட்வொர்க் கார்டின் பெயர் பழைய லினக்ஸில் ஈத்0 என்றிருக்கும், புதியதில் பெரும்பாலும் இஎன்பி என்று தொடங்கும். அந்த வரியில் 'நோ கேரியர்' என்றிருந்தால் கம்பியில் சிக்னல் இல்லை. கேபிள் நல்லதாக இருந்தும் இப்படி வந்தால், கடைசியாக விண்டோஸில் வேலை செய்தாயா என்று யோசி. சில ரியல்டெக் கார்டுகளை விண்டோஸ் மூடும்போது தூங்க வைத்துவிடும், லினக்ஸ் எழுப்பினாலும் எழாது. லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்துப் போடு.

அடுத்து 'ஐபி அட்ரஸ்'. 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் பெட்டி உனக்கு முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்றால், கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். எண்ணே இல்லாமலும் இருக்கலாம். பெட்டியை அணைத்துப் போட்டு, கேபிள் இணைப்பையும் ஒருமுறை துண்டித்துச் சேர்.

முகவரி இருக்கிறதா? 'ஐபி ரூட்' தட்டினால் 'டிஃபால்ட் வயா' என்ற வரியில் பெட்டியின் எண் இருக்கும். அது பதில் சொல்கிறதா என்று பார்க்க, 'பிங்' என்று தட்டி, இடம்விட்டு அந்த எண்ணை எழுது. பிறகு 8.8.8.8-க்கு, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ்ஸுக்கு. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. பிங் தானாக நிற்காது, கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்து.

வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவதுதான் நம்மவர்கள் வழக்கம். அதில்தான் விடை இருக்கிறது. 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்றால் உன் கணினிக்கே வழி தெரியவில்லை, தகவல் வாசலைத் தாண்டவில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' வந்தால் அவசரப்படாதே. 'ஃப்ரம்' என்ற சொல்லுக்குப் பின் யாருடைய எண் என்று பார். உன் எண் என்றால், கூப்பிட்டும் பெட்டி பதில் தரவில்லை. பெட்டியின் எண்ணே என்றால், உன்னிடமிருந்து அதுவரை எல்லாம் சரி, அதற்கு அப்பால்தான் தகராறு. 8.8.8.8 பதில் சொல்லி, தளத்தின் பெயருக்கு மட்டும் 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று வந்தால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் இல்லை. கேபிள் இணைப்பின் செட்டிங்ஸில் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதிச் சேமி.

பெட்டி பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால் கம்பெனிக்குப் போன் செய். கஸ்டமர் கேரில் எடுத்ததும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்' என்பார்கள். 'பண்ணியாச்சு, பெட்டி வரைக்கும் பிங் போகுது, 8.8.8.8-க்குப் போகலை' என்று சொல், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள். அதற்கு முன் அந்த பிங் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. 'ஃப்ரம்' வரி தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா