வீட்டை விற்கும்போது தரகரிடம் எதை ஒப்படைப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது?

மும்பையில் வாழும் நடுத்தரக் குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதி வீட்டிலேயே அடங்கியிருக்கிறது. மாட்டுங்காவில் பெற்றோர் வாழ்ந்த பழைய குடியிருப்பு, செம்பூரில் தவணை கட்டி வாங்கிய இரண்டு அறை வீடு, தாராவியில் மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைத்த சிறு வீடு என எதுவாயினும், அதை விற்பது பலருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை நிகழ்வது. நமக்கு உதவ வரும் தரகரோ ஆண்டுக்குப் பல விற்பனைகளை முடிப்பவர். இந்த அனுபவ வேறுபாடே அவரை நாம் நாடக் காரணம். நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம். விற்பவர் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

தரகர் செய்யும் பணி

நல்ல தரகர் வீட்டின் நிலையைப் பார்த்து விலை மதிப்பீடு கூறுவார். வாங்கும் திறன் உள்ளவர்களை மட்டும் அழைத்து வருவார். விலைப் பேச்சில் இடையே நின்று மனத்தாங்கல் வராமல் காப்பார். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், வங்கி, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றுக்கான தாள்களை வரிசைப்படுத்தித் தருவார். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, முதிய பெற்றோர் மட்டும் மும்பையில் உள்ள குடும்பங்களுக்கு இவ்வுதவி பெரிது.

மும்பை வழக்கப்படி, விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரிடமும் தரகர் கூலி பெறுவதுண்டு. ஒவ்வொருவரிடமும் விலையில் 1 முதல் 2 விழுக்காடு என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. இது சட்டம் விதித்த கட்டணம் அன்று. பேசி முடிவு செய்யத்தக்கது. தரகர் சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு செய்தவராயின் கூலியின் மேல் 18 விழுக்காடு வரியும் சேரும். இருவரிடமும் கூலி பெறுபவர் நமக்காக மட்டும் பேசுபவர் ஆகார் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

தரகரின் நலனும் நம் நலனும்

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். செம்பூரில் ஒரு வீட்டின் நியாயமான விலை 2 கோடி ரூபாய் என்று கொள்வோம். கூலி 1 விழுக்காடு. 2 கோடிக்கு விற்றால் தரகருக்குக் கிடைப்பது 2 லட்சம். முதலில் வந்தவருக்கே 1 கோடியே 90 லட்சத்துக்கு விற்றுவிட்டால் அவருக்குக் கிடைப்பது 1 லட்சத்து 90 ஆயிரம். நமக்கு இழப்பு 10 லட்சம். அவருக்கு இழப்பு 10 ஆயிரம் மட்டுமே. அந்த 10 ஆயிரத்துக்காக மேலும் இரண்டு மாதம் அலைவதைவிட, இதை முடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தேடிச் செல்வதே அவருக்கு ஆதாயம்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் ஆகிய இருவர் சிகாகோ பகுதியில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, பிறருடைய அதே தன்மையான வீடுகளைவிட ஏறத்தாழ 9 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 விழுக்காடு கூடுதல் விலை பெற்றனர் என்பது அதன் சாரம். தரகர்கள் நேர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவசரம் நம்முடையதா, அவருடையதா என்பதைப் பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது என்பதே பாடம்.

விலையை நாமே அறிவது

ஆகவே, தரகரை அழைக்கும் முன்பே நம் வீட்டின் விலையை ஓரளவு நாம் அறிந்திருத்தல் நலம். அதற்கு வழி எளிது. மகாராஷ்டிரத்தில் ஒவ்வோர் ஆவணப் பதிவுக்கும் 'இண்டெக்ஸ் 2' என்னும் சுருக்கப் பதிவு உண்டு. அதில் வீட்டின் பரப்பும் விற்ற விலையும் இருக்கும். மாநிலப் பதிவுத்துறையின் இணையத் தேடலில் நம் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் அண்மையில் நடந்த விற்பனைகளைக் காணலாம். 'ரெடி ரெக்கனர்' எனப்படும் அரசு வழிகாட்டி மதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மதிப்பு விற்கும் விலையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் அரசு மதிப்பே விலையாகக் கொள்ளப்படும்.

ஒப்பிடும்போது பரப்பின் வகையைக் கவனிக்க வேண்டும். 'கார்பெட்' பரப்பு என்பது சுவருக்குள் நாம் புழங்கும் இடம். 'பில்ட் அப்' பரப்பு அதைவிடப் பெரியது. இரண்டையும் கலந்து பேசினால் சதுர அடி விலை தவறாகிவிடும்.

இடத்துக்கு இடம் மாறும் உரிமை

மாட்டுங்காவின் பெரும்பகுதி, 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் திட்டத்தால் உருவானது. அங்குள்ள பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்றும் 'பக்டி' முறை நிலவுகிறது. அம்முறையில் குடியிருப்பவர் கையில் இருப்பது வாடகைதாரர் உரிமையே, கட்டடம் வேறொருவருடையது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய கைமாற்றத் தொகையை ஏற்றுக்கொண்டது. எனினும் கட்டட உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அவருக்கு ஒரு பங்கும் தர வேண்டும். இதை மறைத்து, சொந்த வீடு போல விளம்பரம் செய்யும் தரகரால் பின்னர் வழக்கே மிஞ்சும்.

செம்பூரில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்க வீடுகள். பங்குச் சான்றிதழ் யார் பெயரில் உள்ளது என்பதே முதற்கேள்வி. தந்தை காலமாகி, நியமனதாரராகத் தாயோ ஒரு பிள்ளையோ இருந்தால், சங்கம் அவர் பெயருக்கு மாற்றித் தரும். ஆனால் அதனால் மட்டும் மற்ற வாரிசுகளின் உரிமை அற்றுப் போவதில்லை. எல்லா வாரிசுகளின் எழுத்துபூர்வ இசைவையும் முன்கூட்டியே பெறுவது குடும்பத்தின் அமைதிக்கும் நல்லது. சங்கம் கேட்கும் மாற்றுக் கட்டணத்தின் உச்சவரம்பு மாநில அரசின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி 25,000 ரூபாய். அதற்கு மேல் 'நன்கொடை' என்று வற்புறுத்த இடமில்லை.

செம்பூரில் பழைய கட்டடங்கள் பல மறுகட்டுமானத்துக்குச் செல்கின்றன. நம் சங்கம் அத்தகைய பேச்சில் இருந்தால், விற்கும் முன் சங்கக் கூட்டக் குறிப்புகளைப் படித்துவிட வேண்டும். அச்செய்தியை நமக்கு முன்பே அறிந்த தரகர், தமக்கு வேண்டியவர் பெயரில் வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்க முற்படலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு காப்பு தருகிறது. முகவர் நம் இசைவின்றித் தமக்காகவே அவ்வணிகத்தில் ஈடுபட்டு, முக்கிய உண்மையை நேர்மையின்றி மறைத்திருந்தால், அந்நடவடிக்கையை நாம் ஏற்க மறுக்கலாம்.

தாராவியிலும் பிற இடங்களிலும் எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் பெற்ற வீட்டைக் குறிப்பிட்ட ஆண்டுகள் கழியும் முன் விற்க இயலாது. கழிந்த பின்னும் அவ்வாணையத்தின் அனுமதி வேண்டும். 'பவர் எழுதிக் கொடுத்தால் போதும்' என்று சொல்லும் தரகரை நம்பக் கூடாது. பொது அதிகார ஆவணத்தின் வழியாக நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

தரகருடன் எழுத்தில் உடன்படிக்கை

மகாராஷ்டிர வீட்டுமனை ஒழுங்காற்று ஆணையமான மகாரேரா 2017 முதல் இயங்குகிறது. அதில் பதிவான திட்டங்களின் வீடுகளை விற்க உதவும் முகவர்களும் பதிவு பெற வேண்டும். பழைய வீட்டின் மறுவிற்பனை நேரடியாக இவ்வரம்புக்குள் வராது. ஆயினும் பதிவு எண் உடையவரைத் தேர்வது நல்லது. அவ்வெண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்:

1. கூலி எத்தனை விழுக்காடு, வரி உட்படவா, தனியாகவா?
2. கூலி எப்போது தரப்படும்? பதிவு முடிந்து முழுத்தொகை நம் கணக்கில் சேர்ந்த பின் என்பதே பாதுகாப்பு.
3. உடன்படிக்கை எத்தனை மாதம் செல்லும்? ஒருவருக்கே உரியதா, பலரிடமும் தரலாமா?
4. நாமே வாங்குபவரைக் கண்டறிந்தால் கூலி உண்டா?
5. வாங்குபவரிடமும் தரகர் கூலி பெறுகிறாரா?
6. வரும் விலைக்கோரிக்கை ஒவ்வொன்றையும் நமக்குத் தெரிவிப்பாரா?

மூல ஆவணங்களை எக்காரணம் கொண்டும் தரகரிடம் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். முன்பணம் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே நம் கணக்குக்கு வர வேண்டும்.

பணமும் வரியும்

ஒரு பகுதியை ரொக்கமாகப் பெறலாம் என்ற யோசனை இன்றும் சொல்லப்படுவதுண்டு. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி தடை. பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் விதிக்கப்படலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 விழுக்காடு வரியைப் பிடித்து நம் நிரந்தரக் கணக்கு எண்ணில் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராயின் பிடித்தம் வேறு, மிகுதியும்கூட. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வாழும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. அதுவரை தொகையை மூலதன ஆதாயக் கணக்கில் வங்கியில் இட்டு வைக்கலாம். ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலிடுவது மற்றொரு வழி. தரகுக் கூலியை விற்பனைச் செலவாகக் கழிக்க இயலும். அதற்கு முறையான ரசீது வேண்டும்.

வீட்டின் மேல் கடன் நிலுவை இருந்தால் விற்பனைப் பேச்சைத் தொடங்கும்போதே வங்கிக் கிளையை அணுக வேண்டும். நிலுவைத் தொகைக் கடிதமும் வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்குபவருக்கு நம்பிக்கை அளிக்கும். கடன் முழுதும் அடைந்தபின் 30 நாள்களுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் பொறுப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் ஆணை.

ஆள் தேடுவது, வீட்டைக் காட்டுவது, அலுவலகங்களுக்கு அலைவது ஆகியவற்றைத் தரகரிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். விலையை முடிவு செய்வது, ஆவணங்களைக் காப்பது, பணத்தைப் பெறுவது ஆகிய மூன்றும் நம் கையிலேயே இருக்க வேண்டும். கையொப்பமிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் உடன்படிக்கையைக் காட்டுவதற்கு ஆகும் செலவு, வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.